ஃபைபர் கம்பியால் பீமைப் பலப்படுத்துதல்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி என்று எந்த ஊரில் பழைய கான்கிரீட் வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டாலும், பீமைப் பற்றிய கவலை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. மற்றது, பீம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே இன்னொரு மாடி எழுப்ப வேண்டும், அல்லது நடுச்சுவரை எடுத்துவிட்டுக் கடை போட வேண்டும், அல்லது மாடியில் ஏலக்காய் மூட்டை அடுக்க வேண்டும், தாங்குமா என்று தெரியவில்லை. முதலாவது நோய். இரண்டாவது பலக்குறைவு.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் முறை பலக்குறைவுக்கு உரியது. பீமின் அடிப்பரப்பில் நீளவாக்கில் காடி வெட்டி, அதில் எபாக்சிப் பசை நிரப்பி, கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைக் கம்பியைப் பதித்து மூடுவது. வேலை சுத்தமானது. பீமின் உயரம் கூடாது, அறையின் உயரம் குறையாது, வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாட்களும் குறைவு. அதனாலேயே நோயுள்ள பீமுக்கும் இதைச் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள், செய்தும் கொடுக்கிறார்கள். அது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து. நோயைத் தீர்க்காமல் கம்பியைத் தொடாதீர்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நோயா, பலக்குறைவா

நம் பக்கத்து வீடுகளில் பீம் கெடுவது பெரும்பாலும் குளியலறைக்குக் கீழே, மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொடங்கும். நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம், பி.எச். 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே கிடக்கும் இரும்பு துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தீர்த்துவிடுகிறது. பி.எச். 9 அளவுக்கு இறங்கியதும் கம்பிக்கு இருந்த காவல் போய்விடும். அதன்பிறகு ஈரம் பட்டால் துருதான். துரு, தான் உண்டான இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கம்பியின் போக்கிலேயே நீளமாக விரிசல் விட்டு, பிறகு கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், அதாவது கவர், பெயர்ந்து விழுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. சிறு சுத்தியலால் பீமின் அடியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே பிளந்த இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் சிறிது உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் பீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதியில் காரம் போய்விட்டது என்று பொருள். நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்று ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பீமில் காடி வெட்டிக் கம்பி பதித்தால் என்ன ஆகும்? கம்பி கவரோடு ஒட்டியிருக்கும்; கவர் பீமோடு ஒட்டியிருக்காது. கவர் விழும் அன்று விலை கொடுத்து வாங்கிய கம்பியும் சேர்ந்து விழும். ஆகவே முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும். பிறகு கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்கு உடைத்தெடுத்து, துருவைப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்து அல்லது மைக்ரோ கான்கிரீட்டால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல பீம்களுக்கு இந்த மருத்துவமே போதும். ஃபைபர் கம்பியே தேவைப்படாது.

"அண்ணே, மேலாப்புல ஒரு பூச்சு பூசி விட்ருவோம்ணே, ஒண்ணும் தெரியாது" என்று மேஸ்திரி சொல்வார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கேட்டவர் கேட்டதெல்லாம் பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதால் அவருக்கு அது பழகிப்போயிற்று. நீங்கள் கேட்பது வேறு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விரிசலின் போக்கையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பீமின் நடுப்பகுதியில், அடியிலிருந்து மேலே நேராக ஏறும் மயிரிழை விரிசல் வளைவினால் வருவது. இந்த அத்தியாயத்தின் முறை அதற்கு உதவும். கம்பியின் போக்கில் நீளமாக ஓடுவது துரு. பில்லருக்கு அருகில், பீமின் பக்கவாட்டில் சாய்வாக ஏறும் விரிசலைக் கண்டால் வேலையை நிறுத்துங்கள். அது வெட்டுவிசையால் வரும் ஷியர் விரிசல். அடியில் கம்பி பதித்து வளைவுக்கு மட்டும் பலம் கூட்டிவிட்டு, அந்தத் தைரியத்தில் மேலே சுமையும் ஏற்றினால், பீம் முன்னறிவிப்பில்லாமல் பில்லர் ஓரத்தில் உடையும். ஷியருக்கும் ஃபைபர் கம்பி உண்டு; பீமின் பக்கங்களில் செங்குத்தாகவோ சாய்வாகவோ காடி வெட்டிப் பதிப்பார்கள். ஆனால் அது பொறியாளர் தனியாகக் கணக்கிட வேண்டிய வேலை.

இது எங்கிருந்து வந்தது

பழைய கான்கிரீட்டில் காடி வெட்டிக் கம்பி பதிப்பது இன்று நேற்று வந்ததல்ல. வடக்கு ஐரோப்பாவின் லாப்லாந்தில் ஒரு பாலத்தின் தளத்தில் இரும்புக் கம்பிகள் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே அமுங்கிப்போய்விட்டன. தளத்தின் மேல்பரப்பில் காடி வெட்டி, புது இரும்புக் கம்பிகளை வைத்து, சிமெண்ட் சாந்தால் மூடிச் சரிசெய்தார்கள். அதை அஸ்ப்லண்ட் என்ற பொறியாளர் 1949-ல் எழுதி வெளியிட்டார். இரும்பு மறுபடி துருப்பிடிக்கும் என்பதும், சிமெண்ட் சாந்தின் பிடிப்பு போதாது என்பதும் அதன் குறைகள். இழைக் கம்பியும் எபாக்சியும் வந்தபோது இரண்டு குறையும் தீர்ந்தன. 1998-ல் அமெரிக்காவின் சான் டியாகோ கடற்படைத் தளத்தில் ஒரு துறைமுக மேடையின் தளத்தைக் கார்பன் கம்பிகளை இப்படிப் பதித்துத்தான் பலப்படுத்தினார்கள். உப்புக் காற்றில் இரும்பு நிற்காத இடம் அது.

அதற்கு முன்பே கார்பன் பட்டைகளை வெளியில் ஒட்டும் முறை சுவிட்சர்லாந்தில் தொடங்கிவிட்டது. லூசெர்ன் அருகே இபாக் பாலத்தில் போக்குவரத்து விளக்கு பொருத்தத் துளையிட்டபோது உள்ளே இருந்த முன்னிறுக்கக் கம்பிகள் அறுந்துபோயின. 1991-ல் அதைச் சரிசெய்ய 175 கிலோ இரும்புக்குப் பதிலாக 6.2 கிலோ கார்பன் பட்டை போதுமானதாக இருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1895-ல் சுண்ணாம்பு சுர்க்கிக் கலவையில் கட்டி முடிக்கப்பட்டது. 1979க்குப் பிறகு, மத்திய நீர் ஆணையத்தின் ஆலோசனைப்படி தமிழ்நாடு பொதுப்பணித்துறை அதைப் பலப்படுத்தியது. அணையின் தலைமேல் கான்கிரீட் தொப்பி போட்டார்கள். மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு இரும்பு வடங்களை இறக்கி நங்கூரமிட்டார்கள். பின்புறம் கான்கிரீட் தாங்கல் கட்டினார்கள். பழைய கட்டுமானத்தை இடிக்காமல், துளைத்து, உள்ளே இழுவிசை தாங்கும் பொருளைச் செருகி, சுற்றிலும் கலவையை நிரப்பும் யோசனை அணைக்கும் பீமுக்கும் ஒன்றுதான்.

ஒரு வேற்றுமை உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். அணைக்குள் இறங்கிய வடங்கள் இழுத்து இறுக்கப்பட்டவை. இறுக்கிய நொடியிலிருந்தே அவை அணையைப் பாறையோடு அமுக்கிப் பிடிக்கின்றன. நாம் பீமில் பதிக்கும் கம்பி இறுக்கப்படாதது. பதித்த அன்று அது ஒரு கிலோ சுமையைக்கூட வாங்காது. அதன்பிறகு பீம் மேலும் வளையும்போதுதான் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே தொய்ந்த பீம் ஃபைபர் கம்பியால் நிமிராது. நிமிர்த்த வேண்டுமென்றால் கம்பி பதிக்கும் முன்பே ஜாக்கி கொடுத்து முட்டு நிறுத்திச் சுமையை இறக்க வேண்டும். பசை முழுதாக இறுகிய பிறகே முட்டுகளை எடுக்க வேண்டும். அப்போது திரும்பி வரும் சுமையில் ஒரு பங்கைப் புதுக் கம்பி வாங்கும்.

கம்பியின் குணம்

கண்ணாடி இழைக் கம்பி கையில் எடுத்தவுடன் லேசாக இருக்கும். அதே விட்டமுள்ள இரும்புக் கம்பியின் எடையில் சுமார் நாலில் ஒரு பங்குதான். துருவே பிடிக்காது. இழுத்தால் அறுகிற பலத்தில் இரும்பை மிஞ்சும். ஆனால் அதே சுமைக்கு நீளும் அளவும் இரும்பைவிட அதிகம். இரும்பின் விறைப்பு 200 கிகாபாஸ்கல் என்றால் கண்ணாடி இழைக்குச் சுமார் 50தான். கார்பன் கம்பிக்கு 120 முதல் 160 வரை இருக்கும். அதனால் பீமின் அசைவைக் குறைக்க வேண்டும் என்றால் கண்ணாடி இழை பெரிதாக உதவாது, கார்பன்தான் வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

இரும்பு உடைவதற்கு முன் நன்றாக நீண்டு எச்சரிக்கை கொடுக்கும். இழைக் கம்பி கடைசிவரை நேராக இழுபட்டு, ஒரு கணத்தில் அறும். சைட்டில் வளைக்கவும் முடியாது. வளைத்தால் இழை முறியும். கொக்கி போட வேண்டும் என்று கம்பி கட்டுபவர் கேட்டால் கூடாது என்று சொல்லுங்கள். நேரான கம்பி, நேரான காடி. அவ்வளவுதான்.

புது வீட்டுக்கு டி.எம்.டி. கம்பிக்கு மாற்றாகக் கண்ணாடி இழைக் கம்பி விற்கிறார்களே, அதையே வாங்கலாமா என்று கேட்பார்கள். பொருள் ஒன்றாக இருக்கலாம். ஆனால் பழைய பீமில் பதிக்கும் கம்பிக்கு மேல்பரப்பு முக்கியம். மணல் பூசியதோ, சுருள் வரி உள்ளதோதான் பசையைப் பிடிக்கும். வழவழப்பான கம்பி வழுக்கும். கண்ணாடி இழைக் கம்பிக்கு 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18256 என்ற தரவிதியை வெளியிட்டது. வாங்கும் தொகுதிக்கு அந்தத் தரவிதிப்படியான பரிசோதனைச் சான்று கேளுங்கள். சான்று தராத கடையில் வாங்காதீர்கள். வாங்கிய கம்பியை மொட்டை மாடி வெயிலில் போட்டு வைக்கவும் கூடாது.

எவ்வளவு பலம் கூடும்

விளம்பரங்களில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று படிக்கலாம். அது கம்பியின் பலம், பீமின் பலமல்ல. நம் வீடுகளில் சாதாரணமாக உள்ள ஒரு பீமையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 230 மி.மீ., உயரம் 450 மி.மீ., எம்20 கான்கிரீட், அடியில் 16 மி.மீ. இரும்புக் கம்பி மூன்று, எஃப்.இ. 415 தரம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 முறைப்படி இதன் வளைவுத் திறன் சுமார் 77 கிலோநியூட்டன் மீட்டர். அடியில் 10 மி.மீ. கண்ணாடி இழைக் கம்பி இரண்டு பதித்தால் அது சுமார் 89 ஆகும். அதே கனத்தில் கார்பன் கம்பி இரண்டு பதித்தால் சுமார் 100 ஆகும். அதாவது முதலாவதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் பலம் கூடுகிறது. கம்பி அறுவதற்கு வெகு முன்பே பீமின் மேல்பகுதிக் கான்கிரீட் நசுங்கிவிடும் என்பதால் அதற்கு மேல் பெரிதாக ஏறாது. கம்பியை இரட்டிப்பாக்கினால் பலமும் இரட்டிப்பாகும் என்று எண்ண வேண்டாம். இந்த எண்கள் வாசகர் அளவு தெரிந்துகொள்ள மட்டுமே. உங்கள் பீமுக்கு உங்கள் பொறியாளர் தனியாகப் போட வேண்டும்.

இந்த வேலைக்கு உலகெங்கும் அதிகம் பின்பற்றப்படுவது அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 440.2ஆர் வழிகாட்டி. அதில் ஒரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. தீப்பிடித்தோ வேறு காரணத்தாலோ புதுக் கம்பி முழுவதும் இல்லாமல் போனாலும், பழைய பீம் தனியாகவே புதிய நிலைச்சுமையில் (கட்டடத்தின் சொந்த எடை) 1.1 மடங்கும், புதிய பயன்சுமையில் (ஆட்கள், பொருட்களின் எடை) முக்கால் பங்கும் சேர்த்துத் தாங்க வேண்டும். தாங்காது என்றால் இந்த முறை அந்தப் பீமுக்கு உரியதே அல்ல.

இதை வைத்துப் பார்த்தால், வீட்டு மாடியைக் கிட்டங்கியாக்கும் ஆசை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். வீட்டு அறைக்குப் பயன்சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்று வைத்துக் கட்டியிருப்பார்கள். கிட்டங்கிக்குச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 கேட்பது அடுக்கும் உயரம் ஒவ்வொரு மீட்டருக்கும் 2.4, குறைந்தது 7.5. போடியில் ஏலக்காய் மூட்டையும், சின்னமனூரில் நெல் மூட்டையும் மாடியில் ஏற்றுவதற்கு ஃபைபர் கம்பி பதில் சொல்லாது. அதற்குப் பீமைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை போட வேண்டும், அல்லது அடியில் இரும்பு ஐ-பீமும் தூணும் கொடுக்க வேண்டும், அல்லது மூட்டையைத் தரைத்தளத்திலேயே வைக்க வேண்டும். மூன்றாவதுதான் நான் முதலில் சொல்வது.

மாடி எழுப்புகிறவர்களுக்கு இன்னொரு வழியைச் சொல்ல வேண்டும். பழைய மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளவரிசை 3 அங்குலம் கிடக்கும், மேலே தட்டோடு. இரண்டும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குக் குறையாது. மேலே அறை வந்துவிட்டால் அந்தத் தளவரிசைக்கு வேலையே இல்லை. ஆனாலும் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பெயர்த்து எடுத்தாலே ஒரு வீட்டின் பயன்சுமையில் முக்கால் பங்கு அளவு எடை இறங்கிவிடும். புதுச் சுவரை லேசான பிளாக்கில் கட்டினால் இன்னும் இறங்கும். சுமையைக் குறைத்து முடித்த பிறகு கணக்குப் போடுங்கள். மிச்சமுள்ள குறைக்கு மட்டும் கம்பி வாங்குங்கள்.

காடி வெட்டுதல்

முழு வேலையும் கெட்டுப்போகக்கூடிய இடம் இதுதான். காடியின் அகலமும் ஆழமும் கம்பியின் கனத்தில் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 10 மி.மீ. கம்பிக்கு 15 மி.மீ. காடி. இரண்டு காடிகளுக்கு நடுவே காடியின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி, பீமின் ஓரத்திலிருந்து நான்கு மடங்கு தள்ளிய தூரம். 230 மி.மீ. அகலப் பீமில் இந்தக் கணக்குப்படி ஓரம் 60, காடி 15, இடைவெளி, காடி 15, ஓரம் 60 என்று இரண்டு காடி தாராளமாகவும், மூன்று காடி இழுத்துப் பிடித்தும் அடங்கும். நான்காவதுக்கு இடமில்லை.

அடுத்தது கவர். 25 மி.மீ. கவர் உள்ள பீமில் 15 மி.மீ. காடி வெட்டினால், நீளக் கம்பிகளைச் சுற்றி வளையமாகக் கட்டிய ரிங் கம்பிக்கு முன் 10 மி.மீ. மிச்சம் இருக்கும். ஆனால் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை அண்டை கொடுத்து வார்த்த காலத்துப் பீம்களில் கவர் சில இடத்தில் 10 மி.மீ.கூட இருக்காது. அங்கே கட்டரை ஓட்டினால் ரிங் கம்பி ஒவ்வொன்றும் அடியில் அறுபடும். ஷியருக்கு இருந்த பாதுகாப்பை நம் கையாலேயே அழித்தவர்களாவோம். ஆகவே பூச்சை முழுவதும் பெயர்த்து, கான்கிரீட் முகம் தெரிந்த பிறகு, கம்பி கண்டறியும் கருவியைப் பீமின் முழு நீளத்துக்கும் ஓட்டி, ரிங் இருக்கும் இடங்களையும் கவரின் ஆழத்தையும் சாக்பீஸால் பீமிலேயே எழுத வேண்டும். கருவி சொன்னதை நம்பி நிற்காமல், இரண்டு மூன்று இடத்தில் உளியால் சிறிது திறந்து சரிபாருங்கள். கவர் போதவில்லை என்றால் 8 மி.மீ. கம்பிக்கு 12 மி.மீ. காடி என்று இறங்கலாம். அதற்கும் போதவில்லை என்றால் இந்த முறையை விட்டுவிட்டு, வெளியே ஒட்டும் கார்பன் பட்டையையோ கான்கிரீட் உறையையோ நினைக்க வேண்டும்.

கான்கிரீட்டின் தரத்துக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. மேல்பரப்பில் இரும்பு வில்லை ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனையில் 1.4 மெகாபாஸ்கலாவது தாங்க வேண்டும். நசுக்கு வலிமை 17 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. கோர் எடுத்துப் பரிசோதிக்க மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் சிவில் துறை போன்ற இடங்களை அணுகலாம். பெரிய கட்டடம், பொதுக் கட்டடம் என்றால் சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் வரை போவது வீண் செலவல்ல.

வெட்டும்போது எலக்ட்ரீஷியன் சுவரில் குழாய்க்குக் காடி அடிப்பது போல உளியும் சுத்தியலுமாக இறங்கக் கூடாது. அதிர்ச்சியில் கவர் முழுவதும் உள்ளே பிளந்துவிடும். நூல் அடித்து, வைர பிளேடு பூட்டிய கட்டரில் ஆழம் காட்டும் தடையை வைத்து, இரண்டு இணைக் கோடுகளாக அறுக்க வேண்டும். நடுவே நிற்கும் மெல்லிய சுவரைச் சிறு உளியால் தட்டினால் சீவல் சீவலாக உதிரும். காடியின் அடியும் பக்கமும் சற்றுச் சொரசொரப்பாக இருப்பது நல்லது. அண்ணாந்து நின்று வெட்டும் வேலை இது. தூசு முழுவதும் ஆளின் முகத்தில்தான் விழும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் ஒருவரையும் மேலே ஏற்றாதீர்கள். கம்பியை அறுக்கும்போது பறக்கும் இழைத்தூள் தோலில் குத்தும், மூச்சில் போனால் இருமல் வரும்; கையுறை கட்டாயம்.

வெட்டி முடித்ததும் கம்ப்ரெசர் காற்றால் ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். காடிக்குள் விரலை விட்டு இழுத்தால் மாவு ஒட்டக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கழுவினால் காயும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பள்ளத்தாக்கில் அடிக்கும் மேல்காற்றில், திறந்த சன்னல் வழியாக வயல் தூசு வந்து படியும். ஊதிய காடியை அன்றே மூடிவிடுங்கள்.

பசையும் சூடும்

எபாக்சி இரண்டு டப்பாவாக வரும். அதன் விகிதம் கண்மதிப்பில் வருவதல்ல. சிறு தராசு வைத்து எடை போட்டு, இரண்டின் நிறமும் ஒன்றாகும்வரை மெதுவாக ஓடும் மிக்சர் தண்டால் கலக்க வேண்டும். கலந்ததும் உள்ளே சூடு பிறந்து இறுகத் தொடங்கும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் மிதமான குளிர் நாட்டுக்கு உரியது; சித்திரை வெயிலில் தேனியில் அது பாதியாகச் சுருங்கிவிடும். அதனால் விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடியும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். கெட்டிப்பட ஆரம்பித்த பசையைத் தின்னர் ஊற்றி இளக்குவதை அனுமதிக்கவே கூடாது.

காடியில் பாதி அளவுக்குப் பசையை அடைத்து, கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல அமுக்கிக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் பசை பிதுங்கி வரும். எங்கே பிதுங்கவில்லையோ அங்கே உள்ளே காற்று இருக்கிறது. அந்த இடத்தைத் திரும்ப எடுத்து நிரப்புங்கள். கம்பி கீழே நழுவாமல் சிறு ஆப்புகளால் நிறுத்தி, மிச்சக் காடியை நிரப்பிக் கரண்டியால் வழித்துவிட வேண்டும். கம்பி பில்லர் முகத்துக்கு எவ்வளவு அருகில் முடியலாம் என்பதை வரைபடத்தில் பொறியாளர் குறித்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் கம்பியின் முனையில் கவர் உரிந்து வரும் என்பதால், முடிந்தவரை நீளமாக விடுவதே வழக்கம்.

கொத்தனார் கை தன்னால் தண்ணீர்க் குழாயைத் தேடும். சிமெண்டுக்கு நீர் பாய்ச்சுவது எவ்வளவு தேவையோ, எபாக்சிக்கு அவ்வளவு தீங்கு. பசை இறுகும்வரை ஒரு சொட்டு நீரும் படக் கூடாது. மேல்தளத்தில் குளியலறை இருந்தால் அந்த நாட்களில் அதைப் பூட்டி வையுங்கள்.

இறுகிய எபாக்சிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. சாதாரண வகைகள் 60 முதல் 82 டிகிரி செல்சியஸுக்குள் எங்கோ ஓர் இடத்தில் இளகத் தொடங்கும். அந்த அளவுக்குக் குறைந்தது 15 டிகிரி கீழேயே பயன்பாடு இருக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பீமுக்கு இது பிரச்சினையில்லை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு மலைமேல் ஏலத்தோட்டமும், அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரும் உண்டு. உலர் அறையில் சூடு 50 டிகிரியைத் தொடும். கூரையை ஒட்டி இன்னும் கூடும். அந்த அறையின் பீமுக்கு இந்த முறையைச் செய்யாதீர்கள். பேக்கரி அடுப்பறை, செங்கற்சூளைக் கொட்டகை, தகரக் கூரையை ஒட்டிய பீம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சமையலறையில் செய்தால் மேலே தீத்தடுப்புப் பூச்சு வேண்டுமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டு எடுப்பதும் அதன் பிறகும்

பசை உற்பத்தியாளர் சொல்லும் நாட்கள் முடிந்த பிறகு முட்டுகளை ஒரே நாளில் உருவாமல், நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். எடுக்கும் முன் பீமின் நடுவில் ஒரு குறி வைத்து, தரையிலிருந்து உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை சரியாக நடந்ததா என்ற சந்தேகம் இருந்தால் சுமைச் சோதனை செய்யலாம். பயன்சுமையில் 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றி வைத்து இறக்குவது ஐ.எஸ். 456 சொல்லும் முறை. தளத்தின் மேல் செங்கல் வரப்பு கட்டி நீர் நிறுத்தினால் 10 செ.மீ. உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு 100 கிலோ என்று சுலபமாகக் கணக்கு வரும்; கீழே ஆட்கள் நிற்கக் கூடாது, முட்டுகள் பீமுக்கு ஒரு விரற்கடை கீழே தயாராக நிற்க வேண்டும். நாம் கணக்குப் போட்ட பீமின் நீளம் 5 மீட்டர் என்றால், தொய்வு சுமார் 2.2 மி.மீ.க்குள் அடங்கிவிட்டால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. அதைத் தாண்டினால், சுமையை இறக்கிய 24 மணி நேரத்தில் தொய்வில் முக்கால் பங்காவது திரும்ப வேண்டும். வரவில்லை என்றால் 72 மணி நேரம் கழித்து மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போது 80 சதவீதம் திரும்ப வேண்டும்.

மேலே பூசும் முன் காடிகளை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து, எந்தப் பீம், சுவரிலிருந்து எத்தனை செ.மீ., எந்தக் கம்பி, எந்தத் தேதி, பசையின் தொகுதி எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஃபேன் கொக்கிக்கும் ஏ.சி. குழாய்க்கும் துளையிட வருகிறவர் அந்தத் தாளைக் கேட்க மாட்டார். நீங்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டும். அந்தப் பீமின் அடியில் இனி துளை கிடையாது. கொக்கி வேண்டுமென்றால் பக்கவாட்டில், உயரத்தின் நடுப்பாகத்தில், ரிங் கம்பி இல்லாத இடத்தில் போடச் சொல்லுங்கள்.